படிக்கட்டில் எண்ணிக்கொண்டிருந்தவர்

அமெரிக்காவில் பிஸ்கட்டவே என்கிற ஊரில் நாங்கள் குடியிருந்த கட்டடத்தில் இரண்டாவது மாடிக்கு இரண்டே வீடுகள். ஒன்று எங்களுடையது. எதிர்வீட்டில் ஒரு கறுப்பினத்துக்காரர் தனியாக இருந்தார். ஐம்பது வயது இருக்கும். நல்ல உயரம், நரை கலந்த தாடி. அது தொண்ணூற்றாறாம் வருஷம். எனக்குக் கல்யாணமாகி எட்டு மாதம், அமெரிக்கா வந்தும் கிட்டத்தட்ட அதே எட்டு மாதம். அத்தனை நாளில் அவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. காரணம் பயம், வேறொன்றுமில்லை.

அந்தப் பயம் நானாகத் தேடிக்கொண்டதல்ல. வந்த வாரமே பக்கத்து ஊரான ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் ஒரு ஆன்ட்டி விருந்துக்குக் கூப்பிட்டு, சாம்பாரோடு சேர்த்து அதையும் பரிமாறினார். "எதிர்ல கறுப்பங்களா? ஐயோ, கேர்ஃபுல்லா இரும்மா. பெல் அடிச்சாலும் ஓப்பன் பண்ணாத. வீட்ல ஆளே இல்லாத மாதிரி இருந்துடு." அங்கிள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "எல்லாம் டிரக்ஸ்" என்று முடித்துவிட்டார். நானும் தலையாட்டினேன். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு லட்சணமா இருக்கா, நிறந்தான் கம்மி" என்று என் காதுபடவே சொன்னவர்கள்தான். அன்றைக்கு இரவு முழுக்க அழுதவள் நான். அந்த விருந்தில் உட்கார்ந்திருந்தபோது அது என் நினைவுக்கு வந்திருக்க வேண்டாமா? வரவில்லை. இரண்டாவது கரண்டி பாயசம் வாங்கிக்கொண்டேன்.

எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. அதற்குப் பெயர் தெரியாது. கணவர் காலை ஏழரைக்குக் காரை எடுத்துக்கொண்டு மருந்துக் கம்பெனிக்குப் போய்விடுவார். எனக்கு வேலை பார்க்க அனுமதி கிடையாது, கார் ஓட்டவும் தெரியாது. பத்து மணி வாக்கில், பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சு படபடக்கத் தொடங்கும். விரல்கள் மரத்துப்போகும். மூச்சு பாதியில் நின்றுவிடும். இதோ சாகப்போகிறேன், சாயங்காலம் இவர் வந்துதான் பிணத்தைப் பார்ப்பார் என்று தோன்றும். அரை மணி நேரத்தில் தானாகவே அடங்கிவிடும். அடங்கியபின் குழாயைத் திறந்து மீதிப் பாத்திரத்தைக் கழுவுவேன்.

ஒரு டாக்டரிடம் போனோம். இதயத்தில் ஒன்றுமில்லை, மனநல மருத்துவரைப் பாருங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். என் கணவர் அதைக் கார் நிறுத்துமிடத்திலேயே நான்காகக் கிழித்தார். "கிரீன் கார்டுக்கு ஃபைல் பண்ணியிருக்கோம். மென்டல் பிராப்ளம்னு எங்கயாவது ரெக்கார்ட் ஆச்சுன்னா அவ்ளோதான், ரெண்டு பேரும் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். இது வெறும் கேஸ்ட்ரிக். யார்கிட்டயும் மூச்சு விடாத." அவர் கெட்டவர் இல்லை. கிழித்த துண்டுகளைக்கூடக் கீழே போடாமல் ஒன்று விடாமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து எனக்கு வந்த வியாதி கேஸ்ட்ரிக். மருந்து ஓமத் தண்ணீர்.

கதவில் இருந்த சின்னக் கண்ணாடித் துவாரம் வழியாக நான் எதிர்வீட்டுக்காரரை வேவு பார்ப்பேன். சில நாள் காலையில் அவர் வெளியே வந்து படிக்கட்டின் மேல்படியில் உட்காருவார். கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார். ஒருநாள் பழுப்பு நிறக் காகிதப் பை ஒன்றை வாயில் வைத்து ஊதி ஊதி இழுத்தார். போதைதான், சந்தேகமே இல்லை. சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். "பாத்தியா? அன்னிக்கே சொன்னாங்கல்ல" என்றார்.

பிப்ரவரியில் ஒரு காலை. இந்தத் தடவை படபடப்பு மிக மோசமாக வந்தது. சுவர் என் பக்கம் சாய்வதுபோல் இருந்தது. கரூரில் இருக்கும் அம்மாவின் குரலைக் கேட்டால் போதும், உயிர் தங்கிவிடும் என்று நினைத்தேன். போனை எடுத்தேன். இந்தியாவுக்குப் போட வேண்டிய எண் சைபர் ஒன்று ஒன்று, பிறகு ஒன்பது ஒன்று. நடுங்கும் விரலுக்கு வரிசை எங்கே தெரியும்? ஒன்பதை முதலில் அழுத்தி, ஒன்றை இரண்டு முறை அழுத்திவிட்டேன். அது இங்கே போலீஸைக் கூப்பிடும் அவசர எண். அம்மாவுக்குப் பதிலாக ஒரு பெண் உங்கள் அவசரம் என்ன என்று இங்கிலீஷில் கேட்டாள். இங்கே இருக்கும் நம்மவர்களில் பாதிப் பேர் ஒரு தடவையாவது செய்த தப்பு. தப்பாக அழுத்திவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். நான் டப்பென்று போனை வைத்துவிட்டேன். அது திரும்ப அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. படிக்கட்டில் கனத்த பூட்ஸ் சத்தம் கேட்டது. துவாரத்தில் கண்ணை வைத்தேன். இரண்டு வெள்ளைக்காரப் போலீஸ்காரர்கள் மேலே ஏறி வந்தார்கள். மேல்படியில் அவர் உட்கார்ந்திருந்தார்.

"எழுந்திரு. இங்கே என்ன செய்கிறாய்?"

அவர் உதடு மட்டும் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதுபோல் அசைந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. வெளியே பனி கிடக்கிறது, இவருக்கு வியர்க்கிறது. இளைய போலீஸ்காரனின் கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போனது. "கையை நான் பார்க்கும்படி வை!" என்று கத்தினான். அவர் கம்பியை விடவில்லை. பிடிவாதத்தால் அல்ல. விரல் மரத்துப்போனால் பிடித்ததை விட முடியாது. அது எனக்குத் தெரியும், என்னைத் தவிர அங்கே யாருக்கும் தெரியாது. அவருடைய இன்னொரு கை கோட்டுப் பைக்குள் போகத் தொடங்கியது. மூச்சைச் சரிசெய்ய அந்தக் காகிதப் பையை எடுக்கப் போகிறார். இவன் சுட்டுவிடுவான்.

அப்போதே கதவைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. கிரீன் கார்டு என்று நினைத்தேன். என் பெயரைக் கேட்பார்கள், எழுதுவார்கள் என்று நினைத்தேன். ஒரு மனிதன் என் கண்முன்னால் சாகப்போகிறான், நான் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு கணக்குப் போட்டேன். இத்தனை வருஷம் கழித்தும் அந்த அரை நிமிஷத்துக்கு என்னிடம் சமாதானம் இல்லை.

பிறகு என் கை எப்படியோ கதவைத் திறந்தது. "மிஸ்டேக், மிஸ்டேக்! இந்தியா கால்!" என்று கத்தினேன்.

வயதில் பெரிய போலீஸ்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கலைந்த தலை, அழுத கண், நடுங்குகிற உடம்பு. குரலைத் தாழ்த்தி, மிகவும் அன்பாக, "பயப்படாதீர்கள் அம்மா. இந்த ஆள் உங்களை ஏதாவது செய்தானா?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. நான் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல, என் நடுக்கம் ஆமாம் ஆமாம் என்று அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. இளையவன் எதிர்வீட்டுக்காரரைக் கம்பியிலிருந்து பிய்த்து, தோளைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான். என் உடம்பே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்வதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. எட்டு மாதமாக அவரைப் பார்த்து நடுங்கியவள்தானே நான்.

"எனக்கு மனசில் வியாதி" என்றேன். அந்த வாக்கியத்தை என் வாயால் முதல் தடவையாக, அதுவும் இங்கிலீஷில், ஒரு போலீஸ்காரரிடம் சொன்னேன். "திடீரென்று பயம் வரும். மூச்சு நிற்கும். டாக்டர் சொல்லியிருக்கிறார். அவருக்கும் அதேதான். பாருங்கள், அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறார். கோட்டுப் பையில் இருப்பது காகிதப் பை."

இளையவன் பையில் கைவிட்டு எடுத்தான். கசங்கிய காகிதப் பைதான். பெரியவர் நோட்டை எடுத்தார். என்னைக் கேட்டார், சுவரோடு நின்ற அவரையும் கேட்டார், எழுதிக்கொண்டார். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. நாள் நல்லபடியாக இருக்கட்டும் என்று மட்டும் வாழ்த்திவிட்டு இறங்கிப் போனார்கள்.

அவர் அதே படியில் உட்கார்ந்தார். நாலு படி தள்ளி நானும் உட்கார்ந்தேன். மூச்சு சீரானதும் அவர் பேசினார். மெல்லிய குரல், அந்த உடம்புக்குப் பொருந்தாத குரல். சொந்த அண்ணனிடம் ஒரு தடவை இதைச் சொன்னாராம். அது வெள்ளைக்காரர்களுக்கு வருகிற வியாதி, நம் ஆட்களுக்கு வராது, ஜெபம் பண்ணு என்றாராம் அண்ணன். எங்கள் ஊரில் அது வேலைவெட்டி இல்லாத பொம்பளைக்கு வருகிற வியாதி என்றேன். அவர் சிரிக்க முயன்றார். பிறகு திடீரென்று என் பக்கம் திரும்பினார்.

"எனக்கும் அதேதான் என்று சொன்னாயே, அதை அவன் எழுதிக்கொண்டானா?"

எழுதினார் என்றேன்.

அவர் பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவராம். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, மத்தியானம் மறுபடி போக வேண்டும். இதுவரை பஸ்ஸுக்குள் ஒருதடவைகூட அந்தப் படபடப்பு வந்ததில்லையாம். ஆனால் ஆபீஸுக்குத் தெரிந்தால் அன்றைக்கே சாவியை வாங்கிக்கொள்வார்கள். "ஏற்கெனவே என்னை ஒரு மாதிரிதான் பார்க்கிறார்கள்" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். எனக்கு இருக்கும் அதே பயத்தோடு சொன்னார். எழுந்து உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துப்பாக்கியைச் சொன்னேன், சுவரோடு அழுத்தியதைச் சொன்னேன். ஷூவைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டு, "அந்த ஆபீசர் எழுதிக்கிட்டானா?" என்றார்.

எட்டு மாதமாக எதிரெதிரே இருந்து ஒரு ஹலோகூடச் சொல்லிக்கொள்ளாத இரண்டு ஆண்கள் ஒரே நாளில் என்னிடம் கேட்ட ஒரே கேள்வி அது. அந்த வருஷம் முழுக்கத் தபால் வந்ததும் ஓடிப்போய், அரசாங்க உறை ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, கார்டு வந்தது. அவர் ஜூன் மாதம் வீட்டைக் காலி செய்துகொண்டு போனார். பஸ் அவர் கையில் இருந்ததா இல்லையா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர் பெயர் எனக்குத் தெரியும். சுவரில் கன்னத்தை அழுத்திக்கொண்டு, அந்தப் போலீஸ்காரருக்காக ஒவ்வொரு எழுத்தாக அவர் சொன்னபோதுதான் முதல் தடவையாகக் கேட்டேன்.