தூர்த்த கிணறும் இராசன் மேசனும்

இராசன் மேசன் கட்டிய சுவர் வெடித்ததற்கு நான்தான் காரணம். எங்கள் ஊர் கோப்பாயில் எவருக்கும் இது தெரியாது. உங்களுக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

என் தங்கையின் மகள் சுகந்தி பொறியியலாளர். நான் வீடு கட்டத் தொடங்கியபோது புதுவிதமான ஒப்பந்தம் ஒன்று கொண்டுவந்தாள். வீட்டுக்காரி, மேசன், பொறியியலாளர் மூவரும் ஒரே பக்கமாம். தெரிந்ததை ஒளிக்கக் கூடாது. பிழை வந்தால் சேர்ந்தே திருத்த வேண்டும்.

இராசன் சிரித்தான். “வீட்டுக்காரரும் மேசனும் ஒரே பக்கமெண்டால், பிறகு ஆரைப் பிள்ளை குறை சொல்லிப் பேசுறது?”

நான் எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். என்றாலும் ஒளிக்கக் கூடாது என்ற வரி நன்றாகவே விளங்கியது. கையெழுத்து வைத்தேன்.

“காணியிலை பழைய கிணறு, குழி கிடங்கு ஏதும் இருந்ததோ பெரியம்மா?” என்று சுகந்தி கேட்டாள்.

“ஒண்டுமில்லை. என்ரை காணி எனக்குத் தெரியாதோ?”

இருந்தது. போரில் இடம்பெயர்ந்து திரும்பியபின் என் கணவர் மண் போட்டுத் தூர்த்த கிணறு. நல்ல தண்ணீர்க் கிணற்றைத் தூர்த்த குடும்பம் என்று ஊர் கதைக்குமே... அதோடு, மேசனிடம் உள்ளதைச் சொன்னால் அவன் கை ஓங்கிவிடும் என்றே பழகியவள் நான். எந்த வீட்டுக்காரி சொல்கிறாள்? நீங்கள் சொல்வீர்களா?

அத்திவாரம் வெட்டும்போது இராசன் சமையலறைப் பக்கமிருந்து கூப்பிட்டான். “அம்மா, குசினி மூலையிலை மண் இளகிக் கிடக்கு.”

“அது வாழை நிண்ட இடம். நீ கட்டு.”

நம்பிக் கட்டினான்.

மாரிமழைக்கு அந்த மூலை இறங்கிச் சுவர் வெடித்தது. சுகந்தி எங்கள் இருவரையும் தன்னோடு இருத்தினாள். “ஆரிலை பிழை எண்டு கேக்கேல்லை. என்ன நடந்தது எண்டு சொல்லுங்கோ.”

இராசன்தான் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: “மண் இளகினதைக் கண்டனான். நான்தான் இன்னும் தோண்டியிருக்கவேணும்.”

என்ன மனிதன் இவன்! அம்மாதான் வாழை நிண்ட இடம் எண்டவ என்று ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதா? இன்றைக்கும் எரிச்சல் வருகிறது... அவன்மேல் எரிச்சல்பட்டு என்ன பயன்?

கதை ஊருக்குள் பரவியது. கட்டப் பேசி வைத்திருந்த இரண்டு வீடுகளும் அவன் கையைவிட்டுப் போயின. இப்போது வேறொரு மேசனுக்குக் கீழே சாந்து குழைக்கிறான்.

போன கிழமை சுகந்தி, வேறொரு வீட்டுக்கு எழுதிய ஒப்பந்தத்தை வாசித்துக் காட்டினாள். வரிக்கு வரி மேசனுக்குத் தண்டம்.

“உந்த மேசன்மாரை நம்பேலாது பெரியம்மா. பழைய மாதிரித்தான் சரி. என்ன சொல்லுறியள்?”



“ஓம் பிள்ளை,” என்றேன். “உவையை நம்பேலாதுதான்.”