பனிக்குத் துணி கட்டிய மரம்

போன வாரம் செங்கம் ரோட்டில், புதிதாகக் கட்டியிருக்கும் லாட்ஜ் வாசலில் ஒரு லாரி நின்றது. ஆந்திராவிலிருந்து வந்த அழகுப் பனைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஓலைகளை மேல்வாக்கில் சேர்த்துக் கட்டி, வேருக்குக் கோணி சுற்றியிருந்தது. நான் எதையோ வாங்கப் போனவன், என்னவென்று மறந்துபோய் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். நிறுத்திவிட்டு, ஸ்டாண்டைச் சரியாகப் போட்டேனா என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். என் பிறவிக் குணம் அது.

"இன்னாண்ணா, மரம் வேணுமா?" என்றான் இறக்குகிறவன்.

"வேணாம்பா. சும்மா பாத்தேன்."

சும்மா பார்க்கவில்லை. ஓலையைச் சேர்த்துக் கட்டின பனையை எங்கே பார்த்தாலும் எனக்கு மார்த்தா அம்மா ஞாபகம் வந்துவிடும். வந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

நான் எட்டாவதோடு நின்றவன். பரீட்சைக்கு முந்தின நாள் காய்ச்சல் வந்துவிடும்; பயத்தில் வருகிற காய்ச்சல், நெற்றியைத் தொட்டால் நிஜமாகவே சுடும். ஒன்பதாவதுக்குப் பள்ளிக்கூட கேட் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன், அவ்வளவுதான். பிறகு ஆசிரமத்துப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் தோட்ட வேலை கிடைத்தது. வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற இடம். யாராவது ஒன்பது மணி வரை கதவைத் திறக்காவிட்டால் உயிர் போய்விட்டதோ என்று ஜன்னலில் காது வைத்துக் கேட்பேன். ஒரு தடவை கதவை இடித்து ஒரு வெள்ளைக்காரரை எழுப்பியே விட்டேன். "தியானத்துக்கும் சாவுக்கும் வித்தியாசம் தெரியாதாடா உனக்கு?" என்றார் ஓனர்.

மார்த்தா அம்மா ஜெர்மனியில் ஏதோ சின்ன ஊரில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். தையில் வருவார், பங்குனியில் போவார். மற்றவர்கள் பல வருஷம் இருந்தும் வணக்கத்தைத் தாண்டாதபோது, அவர் நோட்டுப் போட்டுத் தமிழ் படித்தார். தோட்டத்தில் என் பின்னாலேயே வந்து, "இது பேர் என்ன? இது எப்போ பூக்கும்?" என்று கேட்டு எழுதிக்கொள்வார். ஒரு டீச்சர் கேள்வி கேட்டு எனக்குப் பதில் தெரிந்தது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை. அந்தப் போதை லேசுப்பட்டதில்லை. தெரியாத கேள்விக்கும் பதில் சொல்ல ஆரம்பித்தேன்.

ஒரு நாள் போனில் படம் காட்டினார். அவர் வீட்டு வாசலில் ஒரு பனை. நம் பனைக்குத் தம்பி மாதிரி விசிறி ஓலை. அடிமரம் முழுக்கக் கறுப்பு நார், கரடிக் கால் போல. ஏதோ மலை நாட்டு ஜாதியாம், குளிர் தாங்குமாம். ஆனாலும் அவர்கள் ஊர்க் குளிருக்குத் தனியாக நிற்காது. ஐப்பசி வாக்கில் ஓலையைச் சேர்த்துக் கட்டி, துணி சுற்றி, அடியில் வைக்கோல் பரப்ப வேண்டும். அடுத்த படத்தில் மரம் வெள்ளைத் துணிக்குள் நின்றது.

"என்னம்மா, மரத்துக்குப் புடவ கட்டி வச்சிருக்கீங்க?"

சிரித்தார். "என் புருஷன் மரம். அவர் நட்டார். அவர் கட்டுவார். அவர் செத்துட்டார், இப்போ நான் ஏணில ஏறிக் கட்டறேன்." தோளைத் தொட்டுக் காட்டினார். "கை தூக்க முடியல. கட்டாம விட்டா என்ன ஆகும்? எங்க ஊர் பனி ஜாஸ்தி. மரம் பனி தாங்குமா?"

பனி என்றால் எனக்குத் தெரிந்தது மார்கழிப் பனிதான். விடியலில் மலையை மறைத்துக்கொண்டு நிற்கும், இலை நுனியில் சொட்டும், ஏழு மணிக்குப் போய்விடும். சினிமாவில் கதாநாயகன் ஸ்வெட்டர் போட்டு ஆடுகிற வெள்ளை மலையை நாங்கள் ஐஸ் மலை என்றுதான் சொல்வோம்.

"பனிக்குப் போயி யாராச்சும் மரத்துக்குத் துணி கட்டுவாங்களா? பனி நல்லதும்மா. துணி சுத்துனாதான் மூச்சு முட்டி செத்துடும். அவுத்து வுடுங்க."

"நிஜமா?"

"பன்னண்டு வருஷமா தோட்டம் பாக்கறேன்மா." அப்போது எனக்கு நாலு வருஷம்கூட ஆகவில்லை. இதைச் சொன்ன நானோ, மார்கழி முழுக்கக் காதை மூடித் துண்டு கட்டிக்கொண்டு திரிகிறவன்.

அடுத்த தையில் அவர் வரவில்லை. வழக்கம்போல நான் அவரை மனசுக்குள் சாகடித்துத் துக்கமும் கொண்டாடிவிட்டேன். ஆடியில் வந்து நின்றார், இளைத்துப்போய். பையைக்கூடப் பிரிக்காமல் என்னைக் கூப்பிட்டுப் படம் காட்டினார். ஓலையெல்லாம் காய்ந்த புகையிலை நிறம்.

"குருத்து பிடிச்சு இழுத்தேன். கையோட வந்துடுச்சு."

"எதுனாலம்மா?"

"பனி."

நான் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன். "பனிக்கெல்லாம் மரம் சாவுமாம்மா?"

அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு ஐஸ் கட்டியைக் கொண்டுவந்து என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினார்.

"இது. மரம் மேல, குருத்து உள்ள. நாள் கணக்கா. இதுதான் எங்க பனி."

"இது ஐஸும்மா..."

"நோட்டுல பனின்னு எழுதி இருக்கேன்." தோள்பையிலிருந்து நோட்டை எடுத்துத் திறந்து காட்டினார். கோபமே இல்லை அந்தக் குரலில். "தப்பு எனக்கும்தான். தோள் வலி. நீ சொன்னது கேக்க நல்லா இருந்துச்சு." சொல்லும்போதே கண் நிறைந்துவிட்டது. என் முழங்கை வழியாகத் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்து ஓனர் வந்தார். "ஏய், அம்மா ஏன் அழுவறாங்க? என்னடா சொன்ன அவங்ககிட்ட?"

அந்தப் பழைய பரீட்சைக் காய்ச்சல் வந்துவிட்டது. வேலை போச்சு, இனி எவன் சேர்ப்பான் என்று கண நேரத்தில் என்னென்னவோ ஓடியது.

"நான் ஒண்ணும் சொல்லல சார். துணி கட்ட வேணாம்னு நான் எங்க சொன்னேன்? இவங்களுக்குத் தமிழ் சரியா தெரியாது. தப்பா புரிஞ்சிக்கிட்டாங்க."

"அதான பாத்தேன்," என்று போய்விட்டார் ஓனர். விஷயம் அவ்வளவு சுலபமாக முடிந்தது.

மார்த்தா அம்மா கைக்கெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தார். ஒரு வார்த்தை விடாமல் அவருக்குப் புரிந்தது. என்னை ஒரு தடவை பார்த்துவிட்டு நோட்டை மூடினார். அதற்குப் பிறகு பத்து நாள் இருந்தார். தோட்டத்துக்கு வரவில்லை. நோட்டையும் நான் பார்க்கவில்லை.

எந்த வேலைக்காக அப்படிச் சொன்னேனோ, அது மேற்கொண்டு இரண்டு வருஷம்தான் இருந்தது. கெஸ்ட் ஹவுஸை விற்று இடித்துவிட்டார்கள். தோட்டம் இருந்த இடத்தில் சிமெண்டுக் கல் பதித்திருக்கிறார்கள்; பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்களின் கார்கள் நிற்கின்றன. இப்போது வருகிற வெளிநாட்டுக்காரர்கள் தமிழ் படிப்பதில்லை. போனை என் வாய்க்கு நேரே நீட்டுகிறார்கள்; அது கேட்டுக்கொண்டு அவர்களிடம் ஏதோ சொல்கிறது. என்ன சொல்கிறது என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் பயமாக இருக்கிறது.

மார்த்தா அம்மா திரும்ப வரவேயில்லை. கிளம்பின அன்றைக்கு அவர் பையை நான்தான் ஆட்டோவில் வைத்தேன். தலையை நிமிர்த்தாமல் நின்றேன்.

"போறேன்," என்றார்.

நம் ஊரில் யாரும் அப்படிச் சொல்லிவிட்டுக் கிளம்ப மாட்டார்கள். வெளிநாட்டுக்காரர்தானே, வார்த்தை தெரியாமல் சொல்லியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். ஓனரிடம் சொன்ன அதே பொய்தான். முந்தின வருஷங்களில் எல்லாம் அதே வாசலில் ஆட்டோவில் ஏறும்போது, "போய்ட்டு வரேன்" என்று திருத்தமாகத்தான் சொல்லிவிட்டுப் போனார்.