சுவிசேஷமுத்துவும் அசன சாம்பாரும்

சேரன்மகாதேவிக்கு மேற்கே, வயல்களுக்கு நடுவே இருக்கிறது எங்கள் ஊர்த் தேவாலயம். அங்கே கோயில்குட்டியார் சுவிசேஷமுத்து அண்ணாச்சி. மணி அடிப்பது, பாய் விரிப்பது, திருவிருந்துப் பாத்திரத்தைத் துலக்கி வைப்பது எல்லாம் அவர் வேலை. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆள்தான் வீம்பு பிடித்தவர்.

ஒன்பது வருடங்களுக்கு முந்தைய அசனத்தில் அவரும் அவருடைய சித்தப்பா மகன் கிங்ஸ்லியும் சாம்பார் அண்டாவுக்குப் பொறுப்பு. சபையே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் விருந்து அது. அந்த வருடம் குழந்தைகள்கூட இலையை மூடிவிட்டு எழுந்தன. அவ்வளவு உப்பு.

"நீதாம்லே ரெண்டாவது தடவ போட்ட" என்றார் அண்ணாச்சி.

"நான் தொடவே இல்ல. நீங்கதான்" என்றான் கிங்ஸ்லி. அதோடு பேச்சு நின்றுபோனது.

எங்கள் திருவிருந்து ஆராதனையில், அப்பமும் திராட்சரசமும் வாங்கப் பந்திக்குப் போகுமுன் ஒருவர் கையை ஒருவர் பற்றிச் சமாதானம் கொடுப்போம். குருவானவர் தொடங்கிவைக்க, கை மாறிக் கை மாறிக் கடைசி வரிசைவரை வரும். அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி வெளியே போய்விடுவார். கேட்டால், செருப்பை நாய் தூக்கிவிடும் என்பார். பந்திக்கும் போகமாட்டார். தம்பியோடு பேசாமல் பந்திக்குப் போகக் கூடாது என்கிற நேர்மை அவருக்கு உண்டு. பேசித் தொலைக்கலாமே என்கிற புத்திதான் இல்லை. கிங்ஸ்லியும் அதே ரகம். அவன் என்னோடு படித்தவன் என்பதால் உரிமையோடு சொல்கிறேன்.

போன ஆவணியில் அண்ணாச்சி படித்துறைப் பாசியில் வழுக்கிக் கணுக்காலை முறித்துக்கொண்டார். மாவுக்கட்டோடு வீட்டில் கிடந்தவருக்கு ஞாயிறு காலையில் மணிச்சத்தம் கேட்டிருக்கிறது. இரண்டு சின்ன இழுப்பு, ஒரு நீள இழுப்பு, பிறகு ஒரு மூச்சு இடைவெளி. அது அவருடைய அப்பா அடித்த முறை. அப்பாவிடம் அதைக் கற்றவர்கள் இரண்டே பேர்.

"யாரு அடிக்கா?" என்று தெரியாதவர்போல் மனைவியிடம் கேட்டாராம்.

"கிங்ஸ்லி கொழுந்தன்தான். நாந்தான் போய்க் கேட்டேன்" என்றார் சாரம்மாள். அண்ணாச்சி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த திருவிருந்து ஞாயிறுக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார். கடைசி வரிசைக்குப் பின்னால், மணிக்கயிற்றின் அருகே அவருக்கு நாற்காலி போட்டோம். கயிற்றோரம் கிங்ஸ்லி நின்றிருந்தான். முன்னால் பாயில் நான்.

சமாதானம் வரிசை வரிசையாக வந்தது. அண்ணாச்சி வாசலைப் பார்த்தார், பிறகு மாவுக்கட்டைப் பார்த்தார். எழுந்து ஓட வழியில்லை. என் கைக்கு வந்ததும் நான் நேரே அவரிடமே கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. கிங்ஸ்லியிடம் கொடுத்துவிட்டு, இனி உங்கள் பாடு என்று உட்கார்ந்துவிட்டேன்.

கிங்ஸ்லி இரண்டு கைகளையும் நீட்டியபடி நின்றான். "அண்ணே."

"கடைசி இழுப்ப இன்னும் பைய இழுக்கணும்லே" என்றார் அண்ணாச்சி.

"சரிண்ணே. அன்னைக்கு உப்பு போட்டேன்ணே. பொய் சொல்லிட்டேன்."

"நானே ரெண்டு தடவ போட்டேன்லே" என்று அந்தக் கைகளைப் பற்றிக்கொண்டார்.

ஆக, மூன்று முறை. தின்ற எங்களுக்கு அது அன்றைக்கே தெரியும். எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன.

தம்பி தோளைப் பிடித்துக்கொண்டு, நொண்டி நொண்டிப் பந்திக்குப் போனார் அண்ணாச்சி. ஒன்பது வருடங்களாகத் தன் கையால் துலக்கி வைத்த பாத்திரத்தில் அன்றுதான் வாய் வைத்தார்.