எல்லா வீட்டிலும் ஒரு மோட்டார்

பிரான்சுக்குப் போன புதிதில் என்னை மிரட்டியது குளிரும் இல்லை, மொழியும் இல்லை, குழாய்தான். சமையலறைக் குழாயைத் திறந்து தம்ளரில் பிடித்து அப்படியே மடக் மடக்கென்று குடிக்கிறார்கள். காய்ச்சுவதில்லை, வடிகட்டுவதில்லை, முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. சாப்பாட்டுக்கடையில் ‘கராஃப்’ என்று கேட்டால் அதே குழாய்த் தண்ணீரைக் கண்ணாடிக் குடுவையில் கொண்டுவந்து பெரிய உபசாரமாக மேசையில் வைக்கிறார்கள். நானோ புதுச்சேரிக்காரி. தண்ணீர் என்றால் முதலில் நிறத்தைப் பார், அப்புறம் வாசனையைப் பார், அப்புறம் காய்ச்சு என்று வளர்ந்தவள். முதல் வருடம் முழுக்கக் காய்ச்சித்தான் குடித்தேன். பக்கத்து வீட்டு மதாம் கோலெத் ஒருநாள் அடுப்பில் கொதிக்கும் பாத்திரத்தைப் பார்த்துவிட்டு எதற்கு என்று கேட்டார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் ‘ழே பேர் த லோ’ என்றேன். தண்ணீரென்றால் பயம் என்று அர்த்தம். அந்தம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு உச்சுக்கொட்டினார். மறுநாள் நகராட்சி நீச்சல்குளத்தில் பெரியவர்களுக்கு நடக்கிற வகுப்பைப் பற்றி எல்லாம் விசாரித்துக்கொண்டு வந்து நின்றார். கிழவிகள்கூடக் கற்றுக்கொள்கிறார்கள், வெட்கப்படாதே என்று தைரியம் வேறு. நான் ‘மெர்சி’ சொல்லிச் சிரித்து வைத்தேன். என் பயத்தை விளக்குகிற அளவுக்கு அப்போது எனக்கு மொழி வரவில்லை. இப்போது வருகிறது, விளக்கினாலும் அங்கே யாருக்கும் புரிவதில்லை.

என் மகள் நிலா பிறந்ததே அங்கேதான். அவளுக்கு அந்தப் பயம் துளிகூடக் கிடையாது. பல் தேய்த்ததும் குனிந்து, கையைக் குவித்து, குழாயிலிருந்தே குடிப்பாள். பள்ளிக்கூடக் கான்டீனில் பரிமாறுவதுதான் என் வேலை. அங்கே எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் குடிக்கின்றன. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு பெருமை இருந்தது என்பதை மறைப்பானேன். நம் பிள்ளை ஒன்றாவது பயமில்லாமல் வளர்கிறதே என்கிற பெருமை.

இந்த வருடம் கோடை விடுமுறைக்கு நானும் நிலாவும் மட்டும் ஊருக்கு வந்தோம். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. அக்கா செல்வியின் வீட்டில் தங்கினோம். வைத்திக்குப்பத்துக்குக் கொஞ்சம் மேற்கே, பழைய மில் தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கிக் குடியிருக்கும் சின்னத் தெரு. அக்காவின் கணவர் ஏழுமலை மாமாவின் அப்பா மில்லில் இருந்தவர். மில் மூடிய பிறகு வளர்ந்த மாமாவுக்கு ஒரு தொழிற்சாலையில் வாட்ச்மேன் வேலை. ஒரே மகள் கவியா, நிலாவைவிடச் சில மாதம் மூத்தவள். இரண்டும் சேர்ந்தால் வீடு இரண்டாகிவிடும். கவியாவுக்குப் பிரெஞ்சு தெரியாது, நிலாவுக்குத் தமிழ் பாதிதான் வரும். ஆனாலும் ஓயாமல் பேசிக்கொள்வார்கள்.

முதல் நாள் விடியற்காலையில் ஒரு இரைச்சல் என்னை எழுப்பியது. எங்கள் வீட்டில், எதிர்வீட்டில், பின்வீட்டில் எல்லாம் ஒரே நேரத்தில் ‘உய்ய்ய்’ என்று ஏதோ ஓடுகிறது. அதெல்லாம் தண்ணீர் மோட்டார். நகராட்சித் தண்ணீர் காலையில் கொஞ்ச நேரம்தான் வரும், அதுவும் வேகமில்லாமல். ஆகவே குழாயிலேயே நேராக மோட்டாரை மாட்டி உறிஞ்சி மாடித் தொட்டிக்கு ஏற்றிவிடுகிறார்கள். நான் கல்யாணமாகிப் போகும்போது தெருவில் ஒன்றிரண்டு வீட்டில்தான் இது இருந்தது. மோட்டார் வைத்தவன் இழுத்தால் வைக்காதவனுக்கு வராது. அதனால் அவனும் வைத்தான். எல்லோரும் வைத்ததும் யாருக்கும் வரவில்லை. இப்போது ஆளுக்கு ஆள் பெரிய மோட்டாராக மாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

“இது தப்பில்லையாக்கா?” என்று கேட்டுவிட்டேன்.

“தப்புதான். யார் இல்லன்னா? எதிர்வூட்டு ராணி நிறுத்தட்டும், நானும் நிறுத்தறேன்” என்றாள் அக்கா.

ராணி அக்காவும் அதே பதிலைத்தான் சொல்வார் என்று எனக்குத் தெரியும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் ஒவ்வொரு வீடும் ஒரு குட்டி அரசாங்கம். தண்ணீருக்கு மோட்டார், குடிக்க ஃபில்டர், கரண்ட் போனால் இன்வெர்ட்டர், மழை வந்தால் வாசலுக்கு மணல் மூட்டை, பிள்ளைக்குத் தனியார் பள்ளிக்கூடம். தெருவை உயர்த்தி ரோடு போட்டால் அவரவர் வாசற்படியை உயர்த்திக்கொள்வார்கள், உயர்த்தாதவன் வீட்டுக்குள் மழைத்தண்ணீர் போகும். பிரான்சில் கான்டீனில் கூட வேலை செய்கிற ஒருத்தி என்னிடம், உங்கள் நாடு இளைய நாடு, போகப் போகச் சரியாகும் என்று சொல்வாள். நாடு பொறுமையாக இருக்கலாம் தாயே, பிள்ளைகளின் வயிறு பொறுமையாக இருக்குமா?

நாங்கள் வந்து சில நாளில் தண்ணீரில் லேசாக ஒரு நாற்றம் அடித்தது. வாளியில் பிடித்தால் மெல்லிய மஞ்சள். அக்கா மூக்கைச் சுளித்துவிட்டு, “மழ பேஞ்சிருக்குதில்ல, கலங்கி வருது. அடங்கிடும்” என்றாள். குடிக்கிறதற்குத்தான் ஃபில்டர் இருக்கிறதே. பாத்திரம் கழுவினோம், குளித்தோம், கீரை அலசினோம். நிலாவிடம் கண்டிப்பாகச் சொல்லித்தான் வைத்திருந்தேன், இங்கே குழாயில் வாய் வைக்கக் கூடாது என்று. சரி சரி என்று தலையை ஆட்டினாள். ஏழு வயதுப் பிள்ளையின் கை அதுவரை பழகியதைத்தானே செய்யும்.

முதலில் விழுந்தது ராணி அக்காவின் மாமனார். வாந்தி, பேதி. வயதானவர், வெளியில் ஏதாவது சாப்பிட்டிருப்பார் என்றார்கள். மறுநாள் கடைசி வீட்டில் இரண்டு பேர். அன்று சாயங்காலம் நிலா விளையாட்டை விட்டுவிட்டு வந்து என் மடியில் சுருண்டாள். கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தாள். அதற்குள் பின்கட்டில் கவியா கத்துகிற சத்தம். அக்காவும் நானும் ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினோம். நிலாவின் உதடு காய்ந்து தோலுரிந்திருந்தது. கண் உள்ளே போய்விட்டது. கூப்பிட்டால் “ம்” என்றாள், அப்புறம் அதுவும் இல்லை. ஊரிலுள்ள சாமி பேரெல்லாம் என் வாயில் வந்தது. அக்கா வழி முழுக்க, “ஒண்ணும் ஆவாது, ஒண்ணும் ஆவாது” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்குச் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியாது.

பெரிய ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தால் எங்கள் தெருவே அங்கே இருந்தது. கட்டில் போதவில்லை. நிலாவையும் கவியாவையும் ஒரே கட்டிலில் தலைமாடு கால்மாடாகப் படுக்க வைத்து இரண்டு பேருக்கும் ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். ஓடியாடிக்கொண்டிருந்த சின்ன வயது டாக்டர் ஒருத்தி ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டாள். “எந்தத் தெரு? தண்ணி எங்கேர்ந்து புடிக்கிறீங்க?” பதில் கேட்கக் கேட்க அவள் முகம் மாறியது. அந்த முகத்தைப் பார்த்துத்தான் நான் உண்மையிலேயே பயந்தேன்.

அக்கா மருந்து வாங்கப் போன நேரத்தில் கவியா கண்ணைத் திறந்தாள். என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

“சித்தி... நிலா பைப்புல தண்ணி குடிச்சா. எங்க ஊர்ல இப்படித்தான் குடிப்போம்னா. நானும் குடிச்சேன்.”

“சரிடா கண்ணு, பேசாத.”

“அம்மா கிட்ட சொல்லாதீங்க சித்தி. அடிக்கும்.”

எங்கள் ஊர்ப் பிள்ளை குழாயில் வாய் வைக்காது. நடக்கத் தெரியும் முன்பே அது தெரிந்துவிடும். என் பிள்ளை பயமில்லாமல் குடிப்பதைப் பார்த்து, இந்தப் பிள்ளையும் ஒருநாள் பயமில்லாமல் குடித்திருக்கிறது. நான் பெருமைப்பட்ட அதே விஷயம். கவியாவின் நெற்றியைத் தடவிக்கொண்டே அக்கா வருகிறாளா என்று வாசலைப் பார்த்தேன். அக்காவிடம் சொல்லவில்லை.

என் கணவர் போனில் அழுதார். இன்ஷூரன்ஸ் இருக்கிறது, உடனே சென்னைக்குக் கொண்டு போ, அங்கிருந்து விமானம் ஏற்று என்றார். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அக்காவிடம் எப்படிச் சொல்வது என்று விழித்தபோது அவளே சொன்னாள்.

“போறதுன்னா போடி. உன் பொண்ணு. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.”

“கவியாவையும் கூட்டிட்டுப் போறேன்க்கா.”

“எத்தினி நாளைக்கு? திரும்பி இந்தத் தண்ணிக்குத்தான வரணும்?”

டாக்டர் இப்போது அசைக்க வேண்டாம் என்றதால் தப்பித்தேன். இல்லாவிட்டால் ஒரே கட்டிலில் கிடந்த இரண்டில் ஒன்றை மட்டும் தூக்கிக்கொண்டு போயிருப்பேன். நிச்சயமாகப் போயிருப்பேன்.

பிள்ளைகள் இரண்டும் பிழைத்துக்கொண்டன. ராணி அக்காவின் மாமனார் வீடு திரும்பவில்லை.

சாவு விழுந்த பிறகுதான் தெருவைத் தோண்டினார்கள். குடிதண்ணீர்க் குழாயும் பாதாளச் சாக்கடைக் குழாயும் கையெட்டும் தூரத்தில் ஓடின. எப்போதோ கேபிள் புதைக்க வெட்டியபோது இரண்டிலும் அடிபட்டிருந்தது. மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்த இன்ஜினியரை ஜனம் சூழ்ந்துகொண்டது. அவர் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், சட்டையெல்லாம் வேர்வை.

“இந்த ஓட்டைய அடைச்சிடுவோம். பழைய குழாய், இன்னும் எங்கெங்க விரிசலோ தெரியாது. புது லைன் போட ஃபைல் போயிருக்குது, ஆனா அதுக்கு நாளாவும். அது வரைக்கும் யாரும் மோட்டார் போடாதீங்க. குழாயில தண்ணி நிறைஞ்சி ஓடினா வெளிய இருக்கிறது உள்ள வராது. நீங்க உறிஞ்சி காலி பண்ணிட்டா, மோட்டார் பக்கத்துல இருக்கிற சாக்கடையத்தான் இழுக்கும்.”

ஏழுமலை மாமா கத்தினார். “தண்ணி ஒழுங்கா விட்டா நாங்க ஏன் சார் மோட்டார் போடறோம்?”

“மோட்டார் போடலன்னா ஒழுங்கா வரும் சார்.”

“மொதல்ல நீங்க விடுங்க!”

“மொதல்ல நீங்க நிறுத்துங்க!”

இரண்டு பேர் சொல்வதும் நியாயம்தான். அதுதான் என்னை நடுங்க வைத்தது. ஒருவர் கெட்டவராக இருந்தால் அவரைத் திட்டிவிட்டுத் தூங்கலாம். கடைசியில் ராணி அக்காதான் முன்னால் வந்தார், இன்னும் துக்க வீட்டுக் கோலம் கலையாமல். “எங்க வூட்டு மோட்டார நான் கழட்டிட்டேன். இனிமே உங்க இஷ்டம்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். புது லைன் வரும்வரை யாரும் போடுவதில்லை என்று தெரு முழுக்க ஒத்துக்கொண்டது.

மறுநாள் விடியற்காலை அமைதியாக இருந்தது. குழாயில் தண்ணீர் விரல் தடிமனுக்கு வந்தது, ஆனால் நிற்காமல் வந்தது. பெண்கள் குடம் வைத்துக் காத்திருந்தார்கள், பேசினார்கள், சிரித்தார்கள்கூட. கடைசி வீட்டம்மா, “எங்க வூட்ல மோட்டார் இல்லாம தண்ணி வருதே, ஆச்சரியமா இருக்குது!” என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவுதானா? இதற்குத்தானா ஒரு உயிர்?

ஆனால் குடம் தூக்கி இடுப்பு விட்டுப்போகிறது. வேலைக்குப் போகிறவர்களுக்குப் பஸ் போய்விடுகிறது. மாடித் தொட்டி காய்கிறது. ஒருநாள் காலையில் எங்கோ சின்னதாக ஒரு இரைச்சல் கேட்டு உடனே நின்றது. யார் என்று கேட்டால் எல்லோரும் நான் இல்லை என்றார்கள். அந்த நாளிலிருந்து பெண்கள் குடத்தைப் பார்க்கவில்லை, ஒருவர் வீட்டை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அக்கா கொல்லைப்பக்கம் போகும்போதெல்லாம் நான் பின்னாலேயே போனேன். “இன்னாடி, எனக்குக் காவலா?” என்று ஒருமுறை சீறினாள்.

நாங்கள் கிளம்பியது விடியற்காலையில், தண்ணீர் வருகிற நேரத்தில். சென்னை விமான நிலையத்துக்குக் கார் வாசலில் நின்றது. அக்கா முறுக்கு டப்பாவை என் பையில் திணித்தாள், நிலாவை இறுக்கி முத்தமிட்டாள், போய் போன் பண்ணு என்றாள். மாமா பெட்டிகளை ஏற்றிவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனார். கவியா கேட் அருகில் நின்றாள். அவள் புறங்கையில் ஊசி போட்ட இடம் இன்னும் நீலமாக இருந்தது. நிலாவின் கையிலும் அதே இடத்தில் அதே நீலம். இரண்டு கைகளும் ஒன்றைப் பார்த்து ஒன்று ஆடின.

கார் நகர்ந்தது. தெருமுனைக்குக்கூடப் போகவில்லை, பின்னால் அந்த இரைச்சல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். எங்கள் வீடுதான். அக்கா வாசலில் அப்படியே நின்றாள். திடுக்கிட்டுத் திரும்பவில்லை, உள்ளே ஓடவில்லை. காரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போகட்டும் என்றுதான் காத்திருந்திருக்கிறார்கள். உடனே பின்வீட்டில் ஒன்று ஓடத் தொடங்கியது. அப்புறம் அதற்கடுத்த வீட்டில். கவியா இன்னும் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

நான் கதவுக் கைப்பிடியைப் பிடித்துவிட்டேன். இறங்கி ஓடிப்போய் நிறுத்துங்கள் என்று கத்தலாம். எந்த உரிமையில்? நாளைக் காலையில் வாயைக் கொப்பளிக்கப் போவது கவியா. நான் அப்போது வேறு நாட்டில் இருப்பேன்.

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். “ஏதாவது வச்சிட்டு வந்துட்டீங்களா மேடம்? வண்டிய திருப்பட்டுமா?”

நிலா என் மடியில் தலை வைத்திருந்தாள். நான் கைப்பிடியை விட்டேன்.

“இல்லண்ணா. போங்க” என்றேன். “கொஞ்சம் சீக்கிரம் போங்க.”