வெளிச்சத்தைக் கண்டதும் கண்ணை மூடியவர்

காரைக்குடியில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் அறை என் பொறுப்பு. படித்துவிட்டு வந்த வேலை இல்லை. டோக்கன் கொடுக்கிற பெண்ணாகத்தான் சேர்ந்தேன். ஸ்கேன் எடுத்துக்கொண்டிருந்த அக்கா கல்யாணமாகித் துபாய் போனபோது, "எந்நேரமும் பின்னாடி நின்னு பாத்துக்கிட்டே இருக்கியே, இனிமே நீயே எடு" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கம்பெனிக்காரர் வந்து இரண்டு நாள் சொல்லிக் கொடுத்தார். மிச்சத்தை நானே தட்டித் தடவிக் கற்றுக்கொண்டேன்.

அந்த மிஷினுக்கு ஓசிடி என்று பெயர். சீட்டைப் பார்த்துவிட்டு, "ஓசி டீயா? எங்குட்டுத் தர்றாக?" என்று கேட்பவர் வாரத்துக்கு ஒருவராவது உண்டு. அதில் எக்ஸ்ரே கிடையாது, கண்ணைத் தொடுவதும் கிடையாது. வெறும் வெளிச்சம்தான். அது கண்மணி வழியாக உள்ளே போய், கண்ணின் பின்சுவரில் இருக்கிற விழித்திரையில் பட்டு, ஒவ்வொரு படலத்திலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும். அப்படித் திரும்பி வந்ததை வைத்து மிஷின் படம் வரையும். பரோட்டாவைக் குறுக்கே வெட்டினால் அடுக்கடுக்காகத் தெரியுமே, அது மாதிரி இருக்கும். நல்ல கண் என்றால் அந்த அடுக்குகளுக்கு நடுவில் ஒரு சின்னப் பள்ளம் இருக்கும், வடை மாவைத் தட்டிப் பெருவிரலால் லேசாக அமுக்கினாற்போல. எழுத்தைப் படிப்பதும் முகத்தை அடையாளம் காண்பதும் அந்த இடத்தை வைத்துத்தான். சர்க்கரை முற்றினால் அங்கே நீர் கோத்துக்கொண்டு பள்ளம் மேடாகிவிடும். தண்ணீர் இருக்கிற இடத்திலிருந்து வெளிச்சம் திரும்பி வராது. படத்தில் அது கறுப்புக் கறுப்பாகத் தெரியும்.

உட்காருகிறவருக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிவது இருட்டுக்குள் ஒரு பச்சைக் கூட்டல் குறியும், அதன் மேல் ஊர்ந்து போகிற ஒரு சிவப்புக் கோடும் மட்டும்தான். அதைப் பற்றி ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள். புதுவயல் அரிசி மில்லுக்கு லாரி ஓட்டுகிறவர், "எதிர்ல வர்றவன் டிம் அடிக்காம வர்றான் தாயி" என்றார். சவூதியில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்த பாய் ஒருவர், "ப்ளேன் எறங்கையில ஜன்னல் வழியா ஓடுபாதை தெரியும்ல, அல்லாவே, அப்படியே இருக்கும்மா" என்று குரல் கம்மிப்போய்ச் சொன்னார். எனக்கு இந்தப் பேச்சுகள் பிடிக்கும். வீட்டுக்குப் போய் ஒன்று விடாமல் சொல்லிக்காட்டுவேன்.

பிள்ளையார்பட்டியிலிருந்து வந்த ஓர் அக்கா மட்டும் முதல் தடவை ஒன்றுமே சொல்லவில்லை. ஐம்பத்தைந்து வயது இருக்கும். கோயில் ரோட்டில் கடை. அர்ச்சனைத் தட்டும் வைத்திருந்தார், ஆனாலும் அவர் கடை பேர் வாங்கினது அருகம்புல் மாலைக்குத்தான். கண்மாய்க்கரையில் புல் பறித்து, கோரையும் மற்றப் புல்லும் களைந்து போட்டுவிட்டு அருகை மட்டும் தொடுப்பார். சர்க்கரையால் இடது கண் முன்பே போய்விட்டது. ஓரம் தெரியும், நடு தெரியாது. வலது கண்ணில் இப்போது வீக்கம். அதைக் காப்பாற்றத்தான் இந்தப் பாடு. கண்ணுக்குள் மாதம் ஒரு ஊசி, ஊசிக்கு முன்னால் ஒரு ஸ்கேன். படத்தைப் பார்த்துத்தான் அந்த மாதம் ஊசி வேண்டுமா வேண்டாமா என்று டாக்டரம்மா முடிவு செய்வார்.

இரண்டு ஊசி ஆகியிருந்தது. அந்த இரண்டு தடவையும் கண்ணை மூடி மூடித் திறந்தவரிடம் பல முறை எடுத்துத்தான் ஒரு நல்ல படம் தேறியது. மூன்றாவது மாதம் அவர் வந்தது ஒரு திங்கட்கிழமை. வெளியே நாற்பது பேர். நாடியை மிஷினின் தாங்கியில் வைக்கச் சொன்னேன், நெற்றியை ஒட்ட வைக்கச் சொன்னேன். சிவப்புக் கோடு கிளம்பியதும் கண் மூடிக்கொண்டது. மறுபடியும் எடுத்தேன், மறுபடியும் மூடிக்கொண்டது.

"அக்கா, மூடாதீக. அஞ்சு நிமிசமா கேட்டேன்? அஞ்சு செகண்டுதானே கேக்குறேன்!"

"நான் எங்க தாயி மூடுறேன்? அது தன்னால மூடுது."

நாலாவது படம் பாதி வந்தது. தெளிவு போதவில்லை என்றால் மிஷின் மூலையில் சிவப்பாகக் காட்டும், காட்டத்தான் செய்தது. கதவுக்கு வெளியே யாரோ, "உள்ள என்ன குடித்தனமா நடத்துறாக?" என்று சத்தம் போட்டார்கள். இருப்பதில் இது பரவாயில்லை என்று அதையே அனுப்பிவிட்டேன். டாக்டரம்மா அதைப் பார்த்து, "தெளிவா இல்ல, ஆனா வீக்கம் கொறைஞ்ச மாதிரிதான் இருக்கு. இந்த மாசம் ஊசி வேண்டாம், ரெண்டு மாசம் கழிச்சு வாங்க" என்று சொல்லிவிட்டார்.

அந்த அக்கா ஒரே மாதத்தில் திரும்ப வந்து நின்றார், கூடவே அவர் வீட்டுக்காரரும். ஒல்லியான மனுஷன், வாய் மட்டும் பெரிசு. அவர்தான் விஷயத்தைச் சொன்னார். "மாலையில கோரை கலந்து கெடக்குன்னு குருக்கள் திருப்பிக் குடுத்து விட்டுட்டாரும்மா. இத்தனை வருசத்துல இப்படி வந்ததே இல்ல. அன்னையிலருந்து கடையத் தொறக்க மாட்டேங்குறா."

அந்த அக்கா கைவிரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். போன மாதம் மூலையில் காட்டிய அந்தச் சிவப்பு நான் மட்டுமா பார்த்தது? டாக்டரம்மாவும் பார்த்திருப்பார். ஆனால் முதலில் பார்த்தது நான், அனுப்பியதும் நான்.

இந்தத் தடவை எத்தனை பேர் கத்தினாலும் விடுவதில்லை என்று கதவைச் சாத்தினேன். லைட்டை அணைத்தேன். கோடு கிளம்பியது, கண் மூடிக்கொண்டது. அதோடு என்னவோ மிஷின் மேஜையில் இடித்தது. எட்டிப் பார்த்தேன். அந்த அக்காவின் இரண்டு கையும் நெஞ்சுக்கு நேரே கூப்பி இருந்தது. விரல் நுனிதான் மேஜையில் இடித்திருக்கிறது.

"என்னக்கா, கும்புடுறீகளா?"

சட்டென்று கையைப் பிரித்துக்கொண்டார். "அய்யய்யோ... எனக்கே தெரியலையே தாயி!"

பிள்ளையார்பட்டிக்குப் போனவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மலையைக் குடைந்த கோயில், உள்ளே இருட்டு. அந்த இருட்டில் தீபம் மேலே எழும்பினதும் எல்லாருக்கும் கை கூடும், கண் மூடும். இந்த அக்கா தினமும் கடையைத் திறக்குமுன் உள்ளே போய் அந்தத் தீபத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர். என் அறையிலும் இருட்டு, அசையாமல் உட்கார வேண்டும், எதிரே வெளிச்சம் எழும்புகிறது. கண் வேறு என்ன செய்யும்? நான் நாலு தடவை அதட்டினேனே தவிர, ஒரு தடவையாவது கையைப் பார்த்தேனா?

வெளியே போய் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். சங்கதியைக் கேட்டதும் மனுஷன், "என்னையக் கண்டா அந்த உருட்டு உருட்டுறவ, இங்கன வந்து மூடுறாளாக்கும்!" என்றார்.

"வாயை மூடிக்கிட்டுக் கையப் பிடிங்க" என்றார் அந்த அக்கா, நாடியை எடுக்காமலே.

"ரெண்டு கையுமா?"

"ரெண்டும்தாண்ணே" என்றேன். "இறுக்கிப் பிடிங்க, கூப்ப விடக் கூடாது."

அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மனைவியின் இரண்டு கையையும் மடியிலேயே பிடித்துக்கொண்டார். கோடு கிளம்பியது. கண் ஒரு முறை துடித்தது, மூடவில்லை. ஒன்று, இரண்டு என்று மனசுக்குள் எண்ணினேன். ஐந்துக்குள் படம் முழுசாக வந்துவிட்டது.

பார்த்ததும் சந்தோஷப்பட முடியவில்லை. பள்ளம் இருக்க வேண்டிய இடம் பணியாரம் மாதிரி உப்பி இருந்தது. உள்ளே மூன்று கறுப்புக் குமிழ்.

படத்தை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன். "மேடம், போன மாசப் படம் சரியில்ல. சிவப்பு காட்டுச்சு. கூட்டமா இருக்கேன்னு நாந்தான் அனுப்பிட்டேன்."

அவர் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகு நேரம் பார்த்தார். "நானும் திரும்ப எடுக்கச் சொல்லியிருக்கணும்" என்றார். பிறகு, "இன்னைக்கே ஊசி போடணும். நீ போய்ச் சொல்லு" என்றார்.

எதைச் சொல்வது என்று அவர் சொல்லவில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். போன மாதமே போட்டிருக்க வேண்டிய ஊசி, என் அவசரத்தால் தவறிவிட்டது என்றேன். வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். அந்த அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"இப்ப எடுத்தது சரியா இருக்கா?"

"சரியா இருக்குக்கா."

"அப்ப ஊசியப் போடச் சொல்லு. நின்னு பேசிக்கிட்டு இருந்தா அந்த வீக்கம் நமக்காகக் காத்துக்கிட்டா இருக்கும்?"

அதற்குப் பிறகு மூன்று மாதம் மூன்று ஊசி. இரண்டாவது மாதத்தில் குமிழ் மூன்றும் ஒன்றானது. வருகிறபோதெல்லாம் வீட்டுக்காரர் கேட்காமலே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்வார். என்னிடம் அந்த அக்கா முன்னைப்போல் பேசினாரா என்றால், இல்லை. கோபமும் இல்லை. சொன்னதைச் செய்வார், எடுத்து முடிந்ததும் படம் திரையில் வரும்வரை என் முகத்தையே பார்ப்பார். அந்தப் பார்வைக்கு நான் கடன்பட்டவள் என்று இருந்துவிட்டேன்.

நாலாவது மாதம் படம் எடுத்துப் பார்த்தால் நடுவில் பள்ளம் இருக்கிறது. வீக்கம் வருமுன் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஒரு பக்கம் கொஞ்சம் சப்பையாகத்தான் இருந்தது. ஆனால் பள்ளம்தான். கறுப்பு இல்லை.

"என்ன தெரியுது?" என்றார்.

"தண்ணி வத்திருச்சுக்கா. இந்த மாசம் ஊசி இருக்காதுன்னு நெனைக்கிறேன். டாக்டரம்மாதான் சொல்லணும்."

வீட்டுக்காரர் கையை விட்டுவிட்டு எழுந்தார். அந்த அக்கா எழுந்திருக்கவில்லை. திரையில் இருந்த படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எதுக்கும் இன்னொருக்க எடுத்துரு தாயி."

"மிஷின்ல பச்சைதான் காட்டுது அக்கா, தெளிவா—"

"இருக்கட்டும். எடு."

வெளியே கூட்டம் இருந்தது. இன்னொரு தடவை எடுத்தேன். இரண்டு படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் திரைக்கு வெகு கிட்டத்தில் முகத்தைக் கொண்டுபோய், வலது கண்ணால் ஒன்றைப் பார்த்தார், அடுத்ததைப் பார்த்தார். விரலை வைத்து அந்தப் பள்ளத்தை ஒரு படத்தில் தொட்டார், பிறகு மற்றதில் தொட்டார்.

"ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்றார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு டாக்டரம்மா அறைக்குப் போனார்.