கேட்டுக்கு முன்னால் ஒரு கடைவாய்ப்பல்

கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் கேக் அக்காவின் கை நின்றுவிடும். க்ரீம் பையைப் பிடித்தபடியே கழுத்தை மட்டும் ஜன்னல் பக்கம் திருப்புவார். கதவு மெதுவாக, யோசனையோடு சாத்தப்பட்டால் கவலையில்லை. வந்தவர் இடம் பார்த்து நிறுத்தியிருக்கிறார் என்று அர்த்தம். படாரென்று சாத்திவிட்டுக் காலடிச் சத்தம் ஓட்டமாகப் போனால், "வந்துடுச்சு" என்பார். வந்தது ஒரு கார். நின்றது அவர் வீட்டு கேட்டை அடைத்துக்கொண்டு.

வீட்டின் கீழ்த்தளம் முழுக்க அவருக்கு அடுக்களைதான். பிறந்தநாள், கல்யாணம் என்று ஆர்டர் வந்தபடி இருக்கும். அவர் செய்வார், கணவர் வெள்ளை வேனில் கொண்டுபோய்ச் சேர்ப்பார். வேன் நிற்பது கேட்டுக்கு உள்ளே. பக்கத்து வீட்டில் பல் டாக்டர் கிளினிக் வைத்திருக்கிறார். அவரிடம் நல்ல நாற்காலி இருக்கிறது, நல்ல பெயர் இருக்கிறது, வண்டி நிறுத்த இடம் மட்டும் கிடையாது. இந்த வீட்டில் பல்லைக் கெடுத்து அந்த வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று தெருவில் ஒரு கேலி உண்டு. அதை அக்காவிடமே யாரோ சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "சாப்பிட்டுட்டு வாய் கொப்பளிக்காதது அவங்க தப்பு" என்று மட்டும் சொன்னார்.

கேட்டில் முதலில் ஒரு பலகை இருந்தது: 'தயவுசெய்து இங்கே வண்டி நிறுத்த வேண்டாம்.' அதன் கீழேயே நிறுத்தினார்கள். 'நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்' என்று மாற்றி எழுதலாம் என்றார் கணவர். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. நாம்தான் பிடுங்கப்போவதில்லையே, எதற்கு வீணாகப் பொய் சொல்லவேண்டும் என்று கேட்டார். பிறகு வாசலை அடைத்தாற்போல் பெரிய பூந்தொட்டிகளை வைத்துப் பார்த்தார். வந்தவர்கள் மிகுந்த மரியாதையோடு தொட்டிகளை ஓரமாக நகர்த்திவிட்டு நிறுத்தினார்கள். ஒரு அம்மாள் நகர்த்திய கையோடு தண்ணீரும் ஊற்றிவிட்டுப் போனார். அந்த அம்மாளைப் பற்றி அக்காவுக்கு இன்றும் நல்ல அபிப்பிராயம்தான்.

அவர் ஆட்களை ஆட்களாகச் சொல்வதில்லை. "அந்தச் சிவப்புக்கு ரெண்டு பல் ஆடுது", "நீலம் கம்பி கட்டியிருக்கு, மாசாமாசம் வரும்" என்பார். பல் சுத்தம் செய்ய வருகிறவர்கள் என்றால் பொறுத்துக்கொள்வார். வேர் சிகிச்சை என்றால் முகம் தொங்கிவிடும். அஞ்சு நிமிஷத்தில் எடுத்துவிடுகிறேன் என்பவர்களிடம் அவருக்குத் துளியும் நம்பிக்கை கிடையாது. "ஒரு மணி நேரம் ஆகும்னு சொல்லுங்க. உங்களை நம்பறேன்" என்பார்.

தெருவில் இதைச் சண்டை என்று சொல்வார்களே தவிர, இதே தெருவில் குடியிருக்கும் நான் அவர் குரலை உயர்த்திக் கேட்டதில்லை. ஏப்ரனில் மாவு படிந்திருக்க, கிளினிக்கின் முன்னறைக்குள் நுழைந்து மீன் தொட்டியருகே நிற்பார். காத்திருக்கும் ஒவ்வொரு முகத்தையும் நிதானமாகப் பார்ப்பார். "சாம்பல் கலர் கார் யாரோடது?" கன்னம் வீங்கிய எல்லோரும் பச்சைக் குழந்தைபோல் விழிப்பார்கள். அவர் அசையாமல் நிற்பார். கடைசியில் ஒருவர் சாவியை எடுத்துக்கொண்டு தலைகுனிந்து எழுந்து போவார்.

மீன் தொட்டியைத் தாண்டி மட்டும் அவர் ஓரடி வைத்ததில்லை. உள்ளறையில் மிஷின் ஓடும் சத்தம் கேட்டால் வந்த காரியத்தைக்கூட விட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். இடதுபக்கம் மெல்ல முடியாமல் வெகுகாலமாக வலதுபக்கமே மென்றுகொண்டிருக்கிறார் என்று கணவர் ஒருமுறை என்னிடம் ரகசியமாகச் சொன்னார். ஒரு தடவை வந்து உட்காரும்படி டாக்டரும் எத்தனையோ முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டார். அக்காவின் பதில் எப்போதும் ஒன்றுதான். "நேரம் எங்க தம்பி? உங்க ஆளுங்களை விரட்டறதுக்கே பொழுது சரியா இருக்கு."

போன சனிக்கிழமை, கல்யாண வரவேற்புக்கு நாலடுக்கு கேக் ஒன்று தயாராகியிருந்தது. ஊரின் மறுகோடியில் மண்டபம். வெயில் வேறு. வேனை எடுக்கக் கணவர் கேட்டைத் திறந்தால், எதிரே சுவர் எழுப்பினாற்போல் ஒரு கறுப்புக் கார். முன்னறையில் யாரும் சாவியை எடுக்கவில்லை. மீன் தொட்டியருகே அக்கா வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். வண்டிக்காரர் உள்ளே நாற்காலியில் படுத்திருக்கிறார், கடைவாய்ப்பல் பிடுங்கப்போகிறார்கள் என்று உதவியாளர் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

அன்று அக்கா மீன் தொட்டியைத் தாண்டினார்.

அதற்குப் பிறகு நடந்ததை அந்தப் பெண்தான் எனக்குச் சொன்னாள். நாற்காலியில் கிடந்தவர் உடற்பயிற்சிக் கூடம் நடத்தும் மாஸ்டர். தோள் இரண்டும் நாற்காலிக்கு வெளியே பிதுங்கிக்கொண்டிருந்தன. மரத்துப்போன வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. அக்கா கூரையைப் பார்த்தபடி, கறுப்புக் காரின் சாவி வேண்டும் என்றார். மாஸ்டர் ஒரு கையால் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். அதே நேரம் டாக்டர் குறடைக் கையில் எடுத்தார். மாஸ்டரின் மறுகை பாய்ந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டது.

"விடுங்க சார். கேக் போகணும்."

மாஸ்டர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். கண்ணோரம் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"அக்கா, அப்படியே கொஞ்சம் நில்லுங்க" என்றார் டாக்டர் தணிந்த குரலில். "போன ரெண்டு தடவையும் ஊசி போட்டப்புறம் எழுந்து ஓடிட்டாரு. அவசரத்துக்கு ஓட வசதியா இருக்கும்னுதான் வண்டியை உங்க வாசல்ல போட்டிருக்காரு."

அக்கா சாவியை உதவியாளர் பெண்ணிடம் கொடுத்து வெளியே அனுப்பினார். அவள் அதைக் கணவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே திரும்பினாள். கணவர் ஓடிவந்து கறுப்புக் காரை எடுத்து, அந்த அவசரத்தில் கண்ணில் பட்ட முதல் இடத்தில், அதாவது என் வீட்டு கேட்டை அடைத்து, நிறுத்தினார். என்னிடம் இருப்பது ஒரு சைக்கிள். அது பஞ்சராகிப் பல காலம். ஆனாலும் மாடி ஜன்னலிலிருந்து அதைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. கேட்பதற்குப் படியிறங்கிப் போனவனைக் கணவர் கேட்கவிடவில்லை. "நல்ல வேளை வந்தீங்க, அந்தப் பக்கம் பிடிங்க" என்றார். அக்காவைத் தவிர யாரும் தொட்டறியாத கேக்கை நானும் அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தூக்கி வந்தோம். மேலடுக்கு ரோஜா ஒன்று லேசாக நசுங்கியது. என் கட்டைவிரலை உடனே முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

உள்ளே அக்கா கண்ணை இறுக மூடிக்கொண்டு நின்றாராம். கைப்பிடி இறுக இறுக அவர் பேசிக்கொண்டே இருந்தாராம். அடியில் வைக்கும் கேக் ஏன் கொஞ்சம் கெட்டியாக இருக்கவேண்டும், அடுக்குகள் சாயாமல் நடுவில் எப்படிக் குச்சி செருகவேண்டும், வெயில் நாளில் க்ரீமை எப்படிக் காப்பாற்றவேண்டும் என்று ஒன்றுவிடாமல் மாஸ்டருக்குச் சொல்லிக்கொடுத்தாராம். மாஸ்டரும் தலையை ஆட்ட முடியாமல் புருவத்தாலேயே ஊம் கொட்டியிருக்கிறார்.

"பல்லு வெளிய வந்தப்ப ஒரு அலறல் கேட்டுச்சு" என்றாள் அந்தப் பெண். "அது அவரோடது இல்ல."

அக்கா வெளியே வந்தபோது முகம் வெளுத்திருந்தது. கேக்கைச் சுற்றிவந்து பார்த்தார். நசுங்கிய ரோஜாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கேக்கைப் பெட்டியில் வைத்து வேனில் ஏற்றியதும் தானும் ஏறி, பெட்டியை ஒரு கையால் அணைத்துக்கொண்டார். நேரத்துக்குப் போய்விடலாம் என்றார் கணவர்.

வேன் கேட்டிலிருந்து ரிவர்ஸில் வெளியே வரும்போது தெருவில் வண்டிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. கன்னத்தில் பஞ்சை அடக்கிக்கொண்டு மாஸ்டர் நடுத்தெருவில் போய் நின்றார். அகன்ற கைகளை இருபுறமும் விரித்தார். இந்தப் பக்கம் ஒரு பஸ், அந்தப் பக்கம் ஒரு தண்ணீர் லாரி, இரண்டும் நின்றன. வேன் நிதானமாகத் தெருவில் இறங்கித் திரும்பியது.

ஜன்னல் வழியே அக்காவின் கை வெளியே வந்தது. மாஸ்டர் பிடித்திருந்த கை. ரத்தம் ஓடட்டும் என்று விரல்களை மெல்ல மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். மாஸ்டருக்கு அது வேறு மாதிரித் தெரிந்துவிட்டது. நடுத்தெருவில் நின்றபடி, கோணிய வாயோடு, ஒரு கையைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். அக்கா அதைக் கவனித்தார். ஒரு கணம் அந்த விரல்கள் அப்படியே நின்றன. பிறகு கை முழுதாக விரிந்து, வேன் முனை திரும்பும்வரை ஆடிக்கொண்டே போயிற்று.