போட்டுக்குப் போதும் என்று கொண்டுவந்த ரெஞ்ச்

இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. விமானம் பழுதுபார்க்கும் ஹேங்கரில் எனக்கு வேலை. போல்ட்டைச் சரியான அளவில் முடுக்கும் டார்க் ரெஞ்சை, கடைசியாகச் சோதித்த தேதி பார்க்காமல் தொடமாட்டேன். அளவு தப்பாகக் காட்டியதால் அங்கே கழித்துப்போட்ட ஒன்றை, அப்பாவின் மீன்பிடி போட்டுக்குப் போதும் என்று ஊருக்கு, பழவேற்காட்டுக்கு எடுத்துவந்தேன். கைப்பக்குவத்திலேயே முடுக்கிப் பழகிய நைனாவைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, என்ஜின் போல்ட்டுகளை நானே முடுக்கினேன்.

மறுநாள் நைனா கடலுக்குப் போகையில் முகத்துவாரத்தில் போல்ட் உடைந்து என்ஜின் நின்றுவிட்டது. அலை போட்டைக் கவிழ்த்ததில் நைனாவின் கால் முறிந்தது.

கட்டுப்போட்ட காலோடு கேட்டார்: “ஏண்டா, ப்ளேனுக்கும் இத்த வெச்சுதான் முடுக்குவியா?”

“இல்ல நைனா, அதுக்கு வேற.”

“நமக்குன்னா இது போதும்னு எட்தாந்தியா?”

இன்றும் ஹேங்கரில் தேதி பார்த்துத்தான் ரெஞ்சை எடுக்கிறேன், முகம் தெரியாத பயணிகளுக்காக.